சாம்பிள் முதலில், தலைப்பு பிறகு

மரபியலில் பிஎச்.டி. சேர்ந்த முதல் வாரத்திலேயே எல்லோரும் கேட்க ஆரம்பித்துவிடுவார்கள்: "என்ன டாபிக்?" விடுதி அறைத்தோழர் கேட்பார். ஜாயினிங் ரிப்போர்ட் வாங்கும் எழுத்தர் கேட்பார். தீபாவளிக்கு ஊருக்குப் போனால் பெரியப்பா கேட்பார். ஏதாவது சொல்லியாக வேண்டுமே என்ற பதற்றத்தில் பலர் கையில் கிடைத்த தலைப்பைப் பிடித்துக்கொள்கிறார்கள். பிறகு ஐந்தாறு ஆண்டுகள் அதோடுதான் குடும்பம் நடத்த வேண்டியிருக்கிறது.

நுழைவுத் தேர்வு, உதவித்தொகை, நேர்காணல் எல்லாம் முடிந்து நீங்கள் ஒரு பல்கலைக்கழகத்தில் சேர்ந்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொண்டு இந்த அத்தியாயத்தைத் தொடங்குகிறேன். சேர்ந்த நாளிலிருந்து ஆய்வுக்குழுவின் முன் தலைப்பை வைக்கும் நாள்வரை ஏறக்குறைய ஓராண்டு கிடைக்கும். அந்த ஓராண்டை எப்படிச் செலவிடுவது என்பதுதான் இங்கே பேச்சு. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தலைப்பைத் தேடாதீர்கள். சாம்பிளைத் தேடுங்கள். நல்ல சாம்பிள் கையில் இருந்தால் தலைப்பு தானாக அமையும்.

மனித ஜீனோமை முதன்முதலில் படித்து முடிக்க 1990 முதல் 2003 வரை ஆனது. செலவு ஏறத்தாழ 270 கோடி டாலர். இன்று ஒருவருடைய முழு ஜீனோமை ஆயிரம் டாலருக்கும் குறைவாகப் படித்துவிடலாம். டிஎன்ஏவைக் கூரியரில் அனுப்பினால் சில வாரங்களில் ஹார்ட் டிஸ்க் வந்துவிடுகிறது. உங்கள் துறையில் சீக்வென்சர் இல்லையே என்று வருந்த வேண்டியதில்லை. இத்தனை ஆண்டுகளில் விலை இறங்காதது ஒன்றே ஒன்றுதான்: சரியான நோயாளியிடமிருந்து, அவர் மனமுவந்து சம்மதித்துக் கொடுத்த ஐந்து மில்லி ரத்தம். அதோடு அவருடைய எக்கோ ரிப்போர்ட், நோய் தொடங்கிய வயது, மூன்று தலைமுறைக் குடும்ப மரம். இந்தக் காகிதங்கள் இல்லாத ரத்தம் வெறும் ரத்தம்தான். அதிலிருந்து டிஎன்ஏ எடுக்கலாம், ஆய்வேடு எடுக்க முடியாது.

மதுரையிலிருந்து இரண்டு உதாரணம்

இதயத் தசைச் சுருக்கத்தோடு தொடர்புடைய ஒரு புரதத்துக்கு எம்ஒய்பிபிசி3 என்ற மரபணு இருக்கிறது. அதில் 25 எழுத்துகள் விடுபட்டுப்போன ஒரு மாற்றம் 2003-இல் இரண்டு இந்தியக் குடும்பங்களில் தெரியவந்தது. அத்தோடு அது ஓர் அரிய நோய்க்குறிப்பாக நின்றுபோயிருக்கலாம். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் பெருந்துறை தண்டபாணி, ஹைதராபாத் சிசிஎம்பியின் கே. தங்கராஜ் உள்ளிட்ட ஒரு பெரிய குழு அதே மாற்றத்தை இதயத்தசை நோயாளிகளிடமும் நோயில்லாதவர்களிடமும் தேடியது. பிறகு துணைக்கண்டத்தின் பல மக்கள்குழுக்களிலும் தேடியது. 2009-இல் 'நேச்சர் ஜெனெடிக்ஸ்' இதழில் அவர்கள் வெளியிட்ட முடிவு: தெற்காசிய வம்சாவளியினரில் ஏறக்குறைய 4 சதவீதம் பேரிடம் இந்த நீக்கம் இருக்கிறது. இது இருப்பவர்களுக்கு இதயத்தசை நோய் வரும் வாய்ப்பு விகிதம் ஏறத்தாழ ஏழு மடங்கு.

இந்தக் கண்டுபிடிப்பில் இயந்திர சாகசம் பெரிதாக எதுவும் இல்லை. 25 எழுத்து குறைந்திருக்கிறதா என்பதை ஒரு சாதாரண பிசிஆரும் ஜெல்லும் காட்டிக்கொடுத்துவிடும், எம்.எஸ்ஸி. மாணவர்கூடச் செய்யலாம். இதயநோய்ப் பிரிவில் ஒழுங்காகப் பரிசோதிக்கப்பட்ட நோயாளிகளும், நாடு முழுவதிலிருந்தும் ஏற்கெனவே சேர்த்துவைத்திருந்த டிஎன்ஏவும்தான் இதைச் சாத்தியமாக்கின. கதை அங்கேயே முடிந்துவிடவும் இல்லை. அதே மரபணுவில் இந்த நீக்கத்தோடு சிலரிடம் சேர்ந்தே வரும் இன்னொரு மாற்றம் இருப்பதைப் பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின. ஆபத்தில் எவ்வளவு பங்கு எதற்கு என்ற விவாதம் அங்கிருந்து தொடங்கியது. அதைத் தீர்க்கவும் மறுபடி நோயாளியின் எக்கோவுக்குத்தான் போக வேண்டும்.

இரண்டாவது உதாரணமும் அதே வளாகத்திலிருந்துதான். பேராசிரியர் ராமசாமி பிச்சப்பனின் குழு தமிழ்நாட்டில் 31 சமூகங்களைச் சேர்ந்த 1,680 ஆண்களின் ஒய் குரோமோசோமை ஆராய்ந்து 2012-இல் வெளியிட்டது. மலைவாழ் மக்கள், வேளாண் சமூகங்கள், கடலோர மக்கள் என்று பகுத்துப் பார்த்தார்கள். இந்தப் பிரிவுகளுக்கிடையிலான மரபு வேறுபாடு சாதி அமைப்பு உருவானதாகச் சொல்லப்படும் காலத்துக்கும் முந்தையது, வேளாண்மைப் பரவலோடு பொருந்துகிறது என்பது அவர்கள் முடிவு. முடிவை ஏற்கலாம், மறுக்கலாம். 1,680 பேரை அவரவர் ஊரில் போய்ப் பார்த்து, தாத்தா பிறந்த ஊர்வரை கேட்டு எழுதிவைத்த உழைப்பை மறுக்க முடியாது. இன்றைக்கும் உலகில் எந்த ஆய்வகத்துக்கும் போதுமான பணமிருந்தால் 1,680 ஒய் குரோமோசோமைப் படித்துவிடலாம். ஊர் ஊராகப் போவதற்கு உள்ளூர் ஆள்தான் வேண்டும். வெளிநாட்டுப் பெரிய ஆய்வகத்தோடு ஒப்பிட்டால் உங்களுக்கு இருக்கும் ஒரே சாதகம் இதுதான் என்று நினைக்கிறேன்.

தொடவே கூடாத ஒரு தலைப்பு

எந்தப் பல்கலைக்கழக நூலகத்திலும் ஆய்வேட்டு அலமாரியில் இந்தத் தலைப்பைப் பார்க்கலாம். "தென்னிந்திய மக்களிடையே இன்ன மரபணுவின் பல்லுருத் தன்மைக்கும் இன்ன நோய்க்கும் உள்ள தொடர்பு." இன்ன இடத்தில் மரபணுவின் பெயரும் நோயின் பெயரும் மட்டும் மாறிக்கொண்டே இருக்கும். நூறு நோயாளி, நூறு கன்ட்ரோல், மூன்று மரபணு, ஆறு மாற்றங்கள். எளிது, மலிவு, சீனியர் செய்த அதே புரோட்டோகால். அதனாலேயே இது புதிதாக வரும் ஒவ்வொருவர் மடியிலும் வந்து விழும்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். சர்க்கரை நோய், ரத்தக்கொதிப்பு போன்ற பரவலான நோய்களில் ஒரு மாற்றத்தின் விளைவு பெரும்பாலும் மிகச் சிறியது. ஆபத்தை 1.2 மடங்கு கூட்டும், மக்களில் 30 சதவீத அலைவெண் உள்ள ஒரு மாற்றத்தை எடுத்துக்கொள்வோம். இருநூறு பேரை வைத்து அதைப் பிடிப்பதற்கான வாய்ப்பு ஏழில் ஒன்றுதான். எண்பது சதவீத நம்பிக்கையோடு பிடிக்க நோயாளிகள் 1,100 பேரும் கன்ட்ரோல் 1,100 பேரும் வேண்டும். அதுவும் ஒரே ஒரு மாற்றத்தைச் சோதித்தால். முழு ஜீனோமையும் தேடும்போது ஏற்றுக்கொள்ளப்படும் வரம்பு 0.00000005. அதற்குப் பக்கத்துக்கு 5,500 பேர் தேவை. நூறு நோயாளிகளை வைத்துக்கொண்டு "தொடர்பு இருக்கிறது" என்று சொல்லும் ஆய்வேட்டில் அது தற்செயலாக விழுந்த எண்ணாக இருப்பதற்கே சாத்தியம் அதிகம். "தொடர்பு இல்லை" என்றாலோ ஒன்றுமே சொல்லவில்லை என்று அர்த்தம். மனச்சோர்வு நோயோடு இணைத்துப் பல ஆண்டுகள் எழுதப்பட்ட 18 பிரபல மரபணுக்களை 2019-இல் லட்சக்கணக்கானோர் தரவில் சோதித்தார்கள். குருட்டாம்போக்காக எடுத்த மரபணுக்களைவிட அவை எந்த விதத்திலும் மேலாக இல்லை. எத்தனை பிஎச்.டி.க்கள் அந்த 18 மரபணுக்களுக்குள் போயின என்று யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

கைடு இந்தத் தலைப்பைக் கொடுத்தால் என்ன செய்வது? "முடியாது சார்" என்று சொல்ல வேண்டாம். சாம்பிள் எண்ணிக்கைக் கணக்கை ஒரு பக்கத்தில் போட்டுக்கொண்டு போய், "சார், இதுக்கு எத்தனை சாம்பிள் வேணும்னு பாத்தேன், நீங்க ஒரு தடவ பாத்துச் சொல்லுங்க சார்" என்று மேசைமேல் வையுங்கள். நல்ல கைடு அதைப் பார்த்ததும் உட்காரச் சொல்வார். உட்காரச் சொல்லாதவரைப் பற்றியும் உங்களுக்கு அன்றைக்கே ஒரு விஷயம் தெரிந்துவிடும்.

சிறிய ஆய்வகத்தின் பெரிய வாய்ப்பு

அப்படியானால் நூறு சாம்பிள் கொண்ட ஒரு துறை என்ன செய்யலாம்? கூட்டத்தை விட்டுவிட்டுக் குடும்பத்துக்குப் போகலாம்.

நம் பக்கத்தில் மாமன் மகள், அத்தை மகன் கல்யாணம் சாதாரணம். அக்கா மகளைக் கட்டுவதும் பல சமூகங்களில் இருந்திருக்கிறது. அக்கா மகளைக் கட்டியவருக்குப் பிறக்கும் குழந்தையின் ஜீனோமில் சராசரியாக எட்டில் ஒரு பங்கில் இரண்டு பிரதியும் ஒரே மூதாதையிடமிருந்து வந்தவை. மாமன் மகள், அத்தை மகன் என்றால் பதினாறில் ஒரு பங்கு. ஒடுங்கு மரபு நோய் ஒன்றுக்குக் காரணமான மாற்றம் பெரும்பாலும் அப்படி இரண்டும் ஒன்றாகிப்போன பகுதிக்குள்தான் ஒளிந்திருக்கும். லேண்டரும் பாட்ஸ்டீனும் 1987-இல் முன்வைத்த இந்த உத்தி இன்றும் பழசாகவில்லை. ஒருவரின் எக்ஸோமைப் படித்தால் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட மாற்றங்கள் வந்து கொட்டும். நோயுள்ள இரண்டு குழந்தைகள், நோயில்லாத ஒரு குழந்தை, தாய், தகப்பன் என்று ஐந்து பேர் இருந்தால் அந்த இருபதாயிரத்தை ஒரு கைப்பிடிக்குள் கொண்டுவந்துவிடலாம். பிறவிக் காதுகேளாமை, விழித்திரை நோய், தசைச் சிதைவு என்று அரசு மருத்துவமனை வாசலில் இப்படிப்பட்ட குடும்பங்கள் காத்துக்கொண்டிருக்கின்றன. அவர்களுக்கும் ஒரு பதில் தேவைப்படுகிறது.

நெருங்கிய சொந்தம் இல்லாவிட்டாலும்கூட, பல தலைமுறைகளாகச் சமூகத்துக்குள்ளேயே மணம் செய்வதன் தடம் ஜீனோமில் தெரியும். தெற்காசியாவின் 260-க்கும் மேற்பட்ட குழுக்களை ஒப்பிட்டு 2017-இல் வந்த ஆய்வு, அவற்றில் 81 குழுக்களில் இந்தத் தடம் ஃபின்லாந்து மக்களிடமும் அஷ்கெநாசி யூதர்களிடமும் இருப்பதைவிட ஆழமாக இருப்பதைக் கண்டது. வைசியர் சமூகத்தில் சிலருக்கு அறுவை சிகிச்சையின்போது தசையைத் தளர்த்தும் ஒரு மருந்து உடம்பிலிருந்து எளிதில் வெளியேறாது, மயக்கத்தில் மூச்சு நின்றுபோகும் அபாயம் உண்டு என்பது மயக்கவியல் மருத்துவர்களுக்கு நெடுநாளாகத் தெரிந்த செய்தி. அதன் பின்னே இருப்பதும் இதே கதைதான்.

பயிர் மரபியலுக்குப் போகிறவர்களுக்கு ஒரே ஒரு எச்சரிக்கை. உங்களுக்குச் சாம்பிள் என்பது வயல். ஆடுதுறையில் குறுவை தவறினால் ஒரு பருவம் போச்சு, சம்பாவும் தண்ணீரில் மூழ்கினால் ஓராண்டு போச்சு. மார்க்கர் வேலையைப் பத்து நாளில் முடிக்கலாம். விளைச்சலை இரண்டு இடத்தில் இரண்டு பருவமாவது அளக்காமல் யாரும் நம்பமாட்டார்கள். ஆகவே முதல் செமஸ்டரிலேயே விதைப் பெருக்கத்தைத் தொடங்கிவிடுங்கள், கோர்ஸ் வொர்க் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

ஃப்ரீசரைப் பார்த்துக் கைடைத் தேர்ந்தெடுங்கள்

கைடைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு எல்லோருக்கும் கிடைப்பதில்லை. பெங்களூரு என்சிபிஎஸ் போன்ற இடங்களில் இரண்டு மூன்று ஆய்வகங்களில் சில வாரங்கள் வேலை பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். நம் மாநிலப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் சேரும்போதே யாரிடம் இடம் இருக்கிறதோ அவர்தான். யுஜிசியின் 2022 விதிப்படி ஒரே சமயத்தில் பேராசிரியர் எட்டுப் பேரையும், இணைப் பேராசிரியர் ஆறு பேரையும், உதவிப் பேராசிரியர் நான்கு பேரையும் வைத்துக்கொள்ளலாம். காலியிடம் எங்கே என்பதை வைத்தே உங்கள் தலைவிதி பாதி எழுதப்பட்டுவிடுகிறது. மீதிப் பாதியையாவது கண்ணைத் திறந்துகொண்டு பார்க்க வேண்டும்.

ஆய்வகத்துக்குள் போனதும் சுவரில் மாட்டிய விருதுகளைப் பார்க்காதீர்கள். மைனஸ் எண்பது ஃப்ரீசரைத் திறந்துகாட்டச் சொல்லுங்கள். பெட்டிகளுக்கு எண் இருக்கிறதா, குழாய்மேல் எழுதியது அழியாத மையா, ஃப்ரீசரில் இருப்பது எந்தப் பதிவேட்டில் இருக்கிறது? கரண்ட் போனால் ஜெனரேட்டர் தானாக வருமா, ஞாயிற்றுக்கிழமை போனால் யாருக்குப் போன் போகும்? இதையெல்லாம் கைடிடம் கேட்பதைவிட சீனியரோடு டீக்கடைக்குப் போய்க் கேட்பது நல்லது. நான் மாணவனாக இருந்தபோது ஒரு பொங்கல் விடுமுறையில் ஃப்ரீசர் நின்றுபோய், மூன்று சீனியர்களின் சாம்பிள்கள் கஞ்சியாகிவிட்டன. அதில் ஒருவர் இரண்டு இடத்தில் பிரித்து வைத்திருந்தார். அவர் மட்டும் அந்த ஆண்டு சினாப்சிஸ் கொடுத்தார். அன்றிலிருந்து டிஎன்ஏவை இரண்டு கட்டடத்தில் வைப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

டீக்கடையில் இன்னும் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். இந்த ஆய்வகத்தில் கடைசியாகப் பட்டம் வாங்கியவருக்கு எத்தனை ஆண்டு ஆனது? நடந்துகொண்டிருக்கும் புராஜெக்டின் பணம் எந்த மார்ச்சோடு முடிகிறது? மருத்துவமனையில் ரத்தம் எடுத்துத் தருகிற டாக்டர் யார், அவருக்கும் நம்ம சாருக்கும் பேச்சுவார்த்தை இருக்கிறதா? மூன்றாவதுதான் மிக முக்கியம், அதைத்தான் யாரும் கேட்பதில்லை.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜேஆர்எஃப் வாங்கியவருக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய், இரண்டாண்டு கழித்து எஸ்ஆர்எஃப் ஆனால் 42,000. தொகை நன்றாகத்தான் இருக்கிறது. மாதாமாதம் வரும் என்று மட்டும் நம்ப வேண்டாம். நான்கு மாதம் வராமல் இருந்து மொத்தமாக வருவது இங்கே பழகிப்போன விஷயம். அந்த நான்கு மாத மெஸ் பில்லுக்கு முதல் ஆண்டிலேயே ஒரு தொகையை ஒதுக்கிவிடுங்கள். உதவித்தொகை இல்லாமல் சேருகிறவர்கள் புராஜெக்ட் ஃபெல்லோ பதவி எப்போது முடியும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அந்த ஓராண்டு

யுஜிசி விதிப்படி கோர்ஸ் வொர்க் 12 முதல் 16 கிரெடிட். அதில் ஆய்வு, வெளியீட்டு நெறிமுறைகள் பற்றிய இரண்டு கிரெடிட் தாளும் உண்டு. 55 சதவீதம் எடுத்தால் போதும். பெரும்பாலோர் இதை எம்.எஸ்ஸி.யின் மூன்றாம் ஆண்டு மாதிரி ஓட்டிவிடுகிறார்கள். நீங்கள் புள்ளியியல் தாளை மட்டும் உயிரைக் கொடுத்துப் படியுங்கள். கூடவே, மாலை நேரத்தில் லினக்ஸ் கட்டளைகளும் ஆர் மொழியும் பழகுங்கள். ஆறு மாதம் தினம் ஒரு மணி நேரம் போதும். பயோ-இன்ஃபர்மேடிக்ஸை வெளியே கொடுத்து வாங்கிக்கொள்ளலாம் என்று சிலர் சொல்வார்கள். வாங்கலாம்தான். வைவாவில் வெளித்தேர்வாளர் "இந்த ஃபில்டரை ஏன் போட்டீங்க?" என்று கேட்கும்போது பில் கொடுத்த கம்பெனிக்காரர் உங்கள் பக்கத்தில் நிற்கமாட்டார்.

இதே காலத்தில், தலைப்பு முடிவாகும் முன்பே, நெறிமுறைக் குழுவின் அனுமதிக்கு விண்ணப்பித்துவிடுங்கள். பல்கலைக்கழகக் குழுவும் மருத்துவமனைக் குழுவும் தனித்தனி. இரண்டும் மாதத்துக்கு ஒரு முறை, சமயத்தில் மூன்று மாதத்துக்கு ஒரு முறைதான் கூடும். முதல் முறை திருப்பி அனுப்புவார்கள், அது வழக்கம். அனுமதிக் கடிதத்தின் தேதிக்கு முன்னால் எடுத்த ஒரு குழாய் ரத்தம்கூட உங்கள் ஆய்வேட்டில் வரக்கூடாது. வெளிநாட்டு ஆய்வகத்தோடு சேர்ந்து செய்வதாக இருந்தால் சுகாதார அமைச்சகத்தின் பரிசீலனைக் குழு வேறு இருக்கிறது. அந்த நீண்ட வழியைக் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஒப்புதல் படிவத்தை நீங்களே தமிழில் எழுதுங்கள். மொழிபெயர்த்தால் யாருக்கும் புரியாது. எழுதி முடித்ததும் அறிவியல் படிக்காத உங்கள் அம்மாவிடமோ அத்தையிடமோ வாசித்துக் காட்டி, "என்ன புரிஞ்சுச்சு?" என்று கேளுங்கள். "ரத்தம் எடுத்து டெஸ்ட் பண்ணிச் சொல்லுவீங்க" என்று பதில் வந்தால் படிவம் தோற்றுவிட்டது. ரிசல்ட் தருவோமா மாட்டோமா, தந்தால் எப்போது, மீதி டிஎன்ஏ என்ன ஆகும், தரவு எங்கே போகும் என்பது அவர்களுக்குத் தெளிவாக விளங்க வேண்டும். குடும்ப ஆய்வில் இன்னொன்றும் உண்டு. என்றைக்காவது ஒரு நாள், தகப்பன் என்று எழுதப்பட்டவரின் டிஎன்ஏ குழந்தையோடு பொருந்தாது. அதை யாருக்கும் சொல்வதில்லை என்பதை அன்றைக்கு யோசித்து முடிவெடுக்கக்கூடாது. விண்ணப்பத்திலேயே எழுதி, குழுவின் ஒப்புதலையும் வாங்கிவிட வேண்டும்.

மருத்துவமனைக்கு எப்படிப் போவது என்று எந்தப் பாடப்புத்தகமும் சொல்வதில்லை. நீங்கள் தேடும் நோய்க்கான ஓபி வாரத்தில் எந்த நாள் என்று தெரிந்துகொண்டு, ரத்தம் எடுக்க வேண்டாம், சும்மா நான்கு வாரம் போய் உட்காருங்கள். எத்தனை பேர் வருகிறார்கள், அதில் எத்தனை பேர் உங்கள் வரையறைக்குள் வருகிறார்கள், எத்தனை பேர் கையில் பழைய ரிப்போர்ட் இருக்கிறது என்று எண்ணுங்கள். டாக்டர் "மாசம் அம்பது கேஸ் வரும், எடுத்துக்கோங்க" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. ஐம்பதில் உறுதியான நோயறிதல் உள்ளவர் இருபது, குடும்பத்தோடு வந்தவர் எட்டு, சம்மதிப்பவர் ஐந்து. இரண்டாண்டில் உங்களுக்குக் கிடைக்கப்போவது அந்த ஐந்தின் பெருக்கல்தான். இந்த எண் தெரியாமல் தலைப்பில் கையெழுத்துப் போடாதீர்கள். ரத்தம் எடுக்கும் ஸ்டாஃப் நர்ஸ் அக்காவின் பெயரையும் லேப் டெக்னீஷியன் அண்ணனின் பெயரையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள், நன்றியுரையில் கடைசியாகப் போடுவதற்கு மட்டுமல்ல. ஊதா மூடிக் குழாயை எடுத்தவுடன் எட்டுப் பத்துத் தடவை மெதுவாகக் கவிழ்த்துக் கலக்குவதும், ரத்தம் உறையாமல் உங்கள் கைக்கு வருவதும் அவர்கள் தயவுதான்.

சாம்பிளைக் கெடுக்காமல் வைத்திருப்பது

சாம்பிள் வந்த பிறகு அதைக் கெடுப்பதற்கு ஆயிரம் வழி இருக்கிறது. மூன்றை மட்டும் சொல்கிறேன்.

நோயாளிகளை எல்லாம் ஒரு பிளேட்டிலும் கன்ட்ரோலை எல்லாம் இன்னொரு பிளேட்டிலும் ஓட்டாதீர்கள். ஓட்டினால் பிளேட்டுக்கும் பிளேட்டுக்கும் உள்ள வித்தியாசம் நோயின் வித்தியாசம்போல வந்து நிற்கும். நூறு வயதைத் தாண்டியவர்களின் மரபணுக்கள் பற்றி 2010-இல் 'சயன்ஸ்' இதழில் வந்து உலகச் செய்தியான ஒரு கட்டுரையை அடுத்த ஆண்டே திரும்பப் பெற்றார்கள். முதியவர்களில் ஒரு பகுதியினரை வேறு வகைச் சிப்பில் படித்ததுதான் பிரச்சினையின் வேர். குலுக்கிப் போட்டு இரண்டு தரப்பையும் கலந்து வைப்பதற்கு அரை மணி நேரம்தான் ஆகும்.

மரபணுப் பட்டியலை எக்செலில் அப்படியே திறக்காதீர்கள். செப்ட்1, மார்ச்1 என்ற மரபணுப் பெயர்களை அது தேதியாக மாற்றிவிடும். எக்செல் பட்டியலோடு வந்த கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இப்படிப் பிழை இருப்பதை 2016-இல் எண்ணிக் காட்டினார்கள். கடைசியில் மென்பொருளைத் திருத்த முடியாமல் 2020-இல் மரபணுக்களின் பெயரையே மாற்ற வேண்டிவந்தது. மனித இனம் ஒரு கணக்கு மென்பொருளுக்குப் பணிந்த நாள் என்று வகுப்பில் சொன்னால் மாணவர்கள் சிரிப்பார்கள். அடுத்த வாரம் அவர்களே அதே தவறைச் செய்துகொண்டு வருவார்கள்.

மூன்றாவது, எந்த மேற்கோள் ஜீனோமை வைத்து இடம் குறிக்கிறீர்கள் என்பதை ஒவ்வொரு கோப்பிலும் எழுதுங்கள். 2009-இல் வந்த 37-ஆம் பதிப்பில் ஒரு மாற்றம் இருக்கும் எண், 2013-இல் வந்த 38-ஆம் பதிப்பில் வேறு. 2022-இல் இடைவெளி இல்லாத முழு ஜீனோமும் வந்துவிட்டது. சீனியர் கொடுத்த பட்டியலும் நீங்கள் இறக்கிய பட்டியலும் பொருந்தவில்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான், உங்கள் பிரைமரை அல்ல.

நாட்டுத் தரவையும் மறந்துவிடாதீர்கள். ஜீனோம் இந்தியா திட்டத்தில் படிக்கப்பட்ட 10,000 இந்தியர்களின் ஜீனோம் 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டது. ஃபரிதாபாத்தில் உள்ள இந்திய உயிரியல் தரவு மையத்தில் அது இருக்கிறது, முறைப்படி விண்ணப்பித்துப் பெற வேண்டும். ஒரு குடும்பத்தில் நீங்கள் கண்டுபிடித்த அரிய மாற்றம் உண்மையிலேயே நம் மக்களிடம் அரிதானதா என்று ஐரோப்பியத் தரவை மட்டும் வைத்துச் சொல்லிக்கொண்டிருந்த காலம் முடிந்துவிட்டது. தேர்வாளர்களும் அதைக் கேட்கத் தொடங்குவார்கள்.

குழுவின் முன்

ஆய்வுக்குழு ஒவ்வொரு செமஸ்டரும் கூட வேண்டும் என்பது விதி. நடைமுறையில் கூட்டத்துக்கு ஆள் சேர்ப்பது உங்கள் வேலை. முதல் கூட்டத்துக்கு முப்பது ஸ்லைடு வேண்டாம், பன்னிரண்டு போதும். மருத்துவமனையில் நான்கு வாரம் உட்கார்ந்து எண்ணிய எண்ணிக்கையை மூன்றாவது ஸ்லைடிலேயே வையுங்கள். அதன் பிறகு குழுவின் கேள்விகள் தரையில் கால் பதித்துவிடும். "இன்னும் ரெண்டு மரபணு சேத்துக்கலாமே" என்று யாராவது சொல்வார்கள். குறித்துக்கொண்டு நன்றி சொல்லுங்கள், அந்த இடத்தில் ஒப்புக்கொள்ள வேண்டாம். கட்டுரை வெளியீடு கட்டாயம் என்ற யுஜிசி நிபந்தனை 2022-இல் போய்விட்டது. ஆனால் பல பல்கலைக்கழகங்கள் தங்கள் அளவில் அதை வைத்திருக்கின்றன. உங்களுடையது எது என்று அன்றைக்கே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பதிவுப் படிவத்தில் தலைப்பை எழுதும்போது கொஞ்சம் அகலமாக எழுதுங்கள். நோயின் பெயர் இருக்கட்டும், மரபணுவின் பெயரைத் தவிருங்கள். சாம்பிள் எந்த மரபணுவைக் காட்டப்போகிறது என்பது இன்னும் உங்களுக்குத் தெரியாது. ஊரின் பெயரோ சமூகத்தின் பெயரோ போடுவதானால் அந்த மக்கள் அதைப் படித்தால் என்ன நினைப்பார்கள் என்று ஒரு தடவை யோசியுங்கள். பின்னாளில் தலைப்பைத் திருத்த வழி உண்டு. கைடின் கையெழுத்து, குழுவின் ஒப்புதல், ஒரு சிறு கட்டணம். அந்த விண்ணப்பத்தைச் சினாப்சிஸ் கொடுப்பதற்கு எத்தனை மாதம் முன்னால் தர வேண்டும் என்பது பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். ஆராய்ச்சிப் பிரிவில் விதிப்புத்தகத்தைக் கேட்டு வாங்கி, அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.